அம்மா சொன்ன நன்றியுரை

அமெரிக்காவில் தேர்தல் வந்தால் எனக்கு மாமாவின் ஞாபகம் வந்துவிடும். மேடையில் ஒருவர் கடவுளைத் துணைக்குக் கூப்பிட்டுக் குரலை ஏற்றி இறக்கும்போது, இந்தக் குரலை இவர் யாரிடமிருந்து எடுத்தார் என்றுதான் முதலில் யோசிப்பேன். இந்தப் பழக்கம் எனக்கு இத்தாலியின் பலெர்மோவில், ஒன்பது வயதில், ஓர் ஒளி விழாவில் தொற்றியது.

ஒளி விழா என்பது நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முன் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் நடத்தும் கலைநிகழ்ச்சி. வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு கோயிலின் மண்டபத்தில் நடக்கும். அந்த மண்டபம் ஒரு ஞாயிறு எங்களுக்கு, மறு ஞாயிறு கானா நாட்டுச் சனத்துக்கு. அவர்கள் நேரத்துக்கு முடிப்பதில்லை, கதிரைகளை மாற்றி அடுக்குகிறார்கள் என்று எங்கள் பெரியவர்களுக்குக் குறை. நாங்கள் ஒருநாளும் நேரத்துக்குத் தொடங்கியதில்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்த வருடம் விழா முடிந்த கையோடு, மண்டபத்தை எங்களுக்கு மட்டும் தரும்படி பாதிரியாரிடம் கேட்பதென்று சங்கத் தலைவர் தீர்மானித்திருந்தார். அதற்கு முன் சனத்தைச் சூடாக்கிவைக்க ஒரு பேச்சாளர் தேவைப்பட்டது. நல்ல நேரமாக அமெரிக்காவிலிருந்து என் மாமா வந்திறங்கினார்.

மாமா அம்மாவின் தம்பி. யுத்தத்தில் மற்ற எல்லோரும் போக, அம்மாவுக்கு மிஞ்சிய ஒரே கூடப்பிறப்பு. அங்கே ஒரு சபையில் போதகராகி, அரசியல்வாதிகளின் கூட்டங்களை ஜெபம் சொல்லித் தொடங்கிவைக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தார். அம்மா தான் வேலைசெய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவிடம் கெஞ்சி லீவு வாங்கி, ஊரிலிருந்து வந்த ஒடியல் மாவில் கூழ் காய்ச்சி, தம்பி குடிக்கும் அழகைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானோ மாமாவின் பின்னாலேயே திரிந்தேன்.

எங்களுக்குக் கீழ்மாடியில் கானா நாட்டுப் பெண் ஒருவர் இருந்தார். நான் அவரை ட்சியா என்று கூப்பிடுவேன். இத்தாலியில் மாமி, சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் அந்த ஒரு சொல்தான். அம்மா மொண்டெல்லோவுக்கு வேலைக்குப் போகும் நாட்களில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து, சோறு தந்து, மண்டை வலிக்க வலிக்கத் தலை பின்னிவிடுவது அவர்தான். மாமாவைப் படியில் கண்டு அவர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

"அக்கா, பிள்ளையை இவையளோடை விடாதேங்கோ. அங்கை நாங்கள் படுற பாடு எங்களுக்குத்தான் தெரியும்," என்றார் வீட்டுக்குள் வந்ததும்.

"நீ கூழைக் குடி தம்பி, ஆறப்போகுது," என்றார் அம்மா.

விழாவுக்கு ட்சியாவை அம்மாவே அழைத்திருந்தார். நான் தேவதூதர் வேடத்தில், சம்மனசாக ஆடி முடித்து, முதுகில் கட்டிய செட்டையைக் கழற்றாமலே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். தமிழில் சொல்வதை அவருக்கு இத்தாலியனில் சொல்வது என் பொறுப்பு.

மாமா ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையின் விளிம்புக்கு வந்தார். மெல்லத் தொடங்கினார். ஒரு வரியைச் சொல்லி நிறுத்துவார். அதையே கொஞ்சம் உரத்துச் சொல்வார். பிறகு பாட்டுப்போல இழுப்பார். "இடிஞ்ச மதிலைத் திரும்பக் கட்டு எண்டு சொன்னது ஆர்? கடவுள்! கதவில்லாத வீடு ஒரு வீடோ? சொல்லுங்கோ, வீடோ?" படகில் வருகிறவர்கள் நாட்டைக் கெடுக்கிறார்கள், கறுப்பர் காலடி வைத்த இடம் உருப்படாது, கடவுள் ஒவ்வொரு சனத்துக்கும் வேலி போட்டுத்தான் நிலம் கொடுத்திருக்கிறார் என்று எல்லாம் அதே மெட்டில் வந்தன. அமெரிக்காவின் எல்லையில் தொடங்கி எங்கள் மண்டபத்தின் வாசலில் வந்து நின்றார்.

எங்கள் ஆட்களுக்கு ஒருவர் பேசும்போது இடையில் குரல் கொடுப்பது மரியாதைக் குறைவு. கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். மாமா பதிலுக்காக விட்ட இடைவெளிகளில் பின்வரிசைக் குழந்தை ஒன்று அழுவது மட்டும் கேட்டது. ட்சியாவால் பொறுக்க முடியவில்லை. ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் அந்த ஏற்ற இறக்கம் அவர் தன் சனத்தின் கூட்டங்களில் கேட்டுப் பழகியது. மாமா அடுத்து நிறுத்திய இடத்தில் கையை உயர்த்தி, "ஆமென்!" என்றார்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. மாமா தடுமாறி, பிறகு தொடர்ந்தார். அவர் நிறுத்தும் இடமெல்லாம் ட்சியா ஆமென் சொன்னார். கறுப்பரை உள்ளே விடாதே என்றதற்கும் மனதார ஆமென் சொன்னார். என்ன சொல்கிறார் என்று இடையில் என்னிடம் கேட்டார். "மதில் கட்டுவதைப் பற்றி," என்றேன். நல்ல விஷயம் என்று தலையாட்டினார். எனக்கு ஒரே சிரிப்பு. மேடைக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

நன்றியுரை அம்மாவுடையது. எங்கள் நிகழ்ச்சிகளில் நன்றியுரை என்றால் சனம் கதிரையை விட்டு எழும்பும் நேரம். மாலை கட்டியவர், ஒலிபெருக்கி தந்தவர், வடை சுட்டவர் என்று ஒருவரும் விடுபடாமல் சொல்ல வேண்டும். விடுபட்டால் அடுத்த விழா வரைக்கும் கோபம் இருக்கும். அம்மா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தூரத்திலையிருந்து வந்து கதைச்ச தம்பிக்கு முதல் நன்றி. தம்பி பிரயாணக் களைப்பிலை சிலபேரை விட்டிட்டார். அவையளுக்கும் நான்தானே சொல்லவேணும். தம்பி அமெரிக்காவிலை போய் இறங்கேக்கை குளிருக்குப் போட ஒரு ஜக்கெற் இல்லை. கறுப்புச் சனத்தின்ரை கோயில் ஒண்டுதான் உடுப்பும் சாப்பாடும் குடுத்தது. அவையின்ரை பாஸ்டர்தான் நீதிமன்றத்துக்கு வந்து, இவனைத் திருப்பி அனுப்பாதேங்கோ, இவன் என்ரை பிள்ளை எண்டு சொன்னவர். இண்டைக்கு நீங்கள் கேட்ட பேச்சும் அவரிட்டைப் பழகினதுதான். அவருக்கு நன்றி."

எழும்பியவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். புகழ்ந்தால் கூச்சப்படுகிறவராக்கும் என்று நினைத்தேன்.

"நான் வேலைக்குப் போனால் என்ரை பிள்ளையைப் பாக்கிறவ படகிலைதான் வந்தவ. அந்தப் படகுக்கும் நன்றி."

பிறகு அம்மா பாதிரியார் பக்கம் திரும்பி, சிஞ்ஞோராவின் வீட்டில் பழகிய இத்தாலியனில் பேசினார். இந்த மண்டபத்தை இனிமேலும் எங்களுக்கும் கானாச் சகோதரர்களுக்கும் சேர்த்தே தரப்போவதற்கு முன்கூட்டியே நன்றி, பாத்ரே என்றார். தன்னிடம் என்ன கேட்கப்போகிறார்கள் என்பதே தெரியாத பாதிரியார் பூரித்துப்போய் எழுந்து கைதட்டினார். ட்சியா தட்டினார். நான் செட்டை ஆடும்படி தட்டினேன். கேட்க வந்த தலைவரும் வேறு வழியில்லாமல் தட்டினார்.

மாமா நத்தார் முடியும்வரை நிற்பதாக இருந்தார். அடுத்த நாள் காலையிலேயே பெட்டி கட்டினார்.

"எல்லாற்றை முன்னாலையும் என்னைக் கேவலப்படுத்திப்போட்டியள் அக்கா. அப்பிடிச் சொன்னது பிழை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நான் நிக்கிறன்."

"சொல்லமாட்டன் தம்பி."

அம்மா இடியப்பத்தைச் சுற்றி அவர் பையில் வைக்கப் போனார், மாமா பையை இழுத்து மூடினார். எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நானும் என் சிநேகிதியும் வாரத்துக்கு ஒருமுறை இதைவிட மோசமாகக் கோபித்துக்கொண்டு மத்தியானத்துக்குள் சேர்ந்துவிடுவோம்.

அன்று பின்னேரம் கட்டிலில் ஏறி நின்று மாமாவைப்போலப் பேசிப் பழகினேன். ஒரு வரி, ஒரு நிறுத்தம், பிறகு இழுவை. அம்மா வாசலில் வந்து நின்று கேட்டார்.

"அடுத்த நத்தாருக்கு மாமா வரேக்கை பேசிக் காட்டப்போறன். சந்தோசப்படுவாரே அம்மா?"

"ஓம், சந்தோசப்படுவார். வடிவாய்ப் பழகு," என்றார்.

நன்றியுரைக்கு மேடையில் வாயைத் திறப்பதற்கு முன்பே அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, தம்பி இனி வரமாட்டான் என்று. எனக்குத் தெரியாது. நான் வடிவாய்ப் பழகினேன்.