கரும்பாகிப்போன ரவிக்கைகள்

தியாகதுருகத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். கிணற்று மோட்டார் புகைந்துபோனால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கூலியைக் கையில் தருவார்கள், நானும் பில் போட மாட்டேன். வருடத்துக்கு ஒரு தடவை கள்ளக்குறிச்சிக்குப் போய் ஆடிட்டரிடம், "வரி வராத மாதிரி பாத்துப் போடுங்க" என்பேன். கடைத்தெருவில் எல்லோரும் அப்படித்தான். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வீட்டில் என் மனைவி ரவிக்கை தைத்தாள். தீபாவளி, பொங்கல், ஆவணி முகூர்த்தம் என்றால் சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டாள். அந்தப் பணமும் என் பேங்க் கணக்கில்தான் விழும். இதை என்னவென்று காட்டுவது என்று கேட்டதற்கு ஆடிட்டர், "ஊர்ல நெலம் இருக்குதா?" என்றார். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கர் இருந்தது. "அப்ப கரும்புன்னு போட்டுக்கலாம். வெவசாயத்துக்கு வரி கெடையாது."

அந்த நிலத்தில் கருவேலம் முளைத்துப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அவள் தைத்த ரவிக்கைகள் வருடா வருடம் என் பேரில் கரும்பாக விளைந்தன. இதை அவளிடம் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

குடியிருந்த வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோது, பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. அவள் கட்டிவந்த சீட்டை எடுத்து முன்பணம் கொடுத்தோம். மூன்று மாதத்தில் மீதியைத் தராவிட்டால் முன்பணம் திரும்பாது என்று பேச்சு. அந்த வீட்டில் வெளிச்சமான ஓர் அறை இருந்தது. டேப்பை எடுத்துப்போய் அளந்து பார்த்து, "மெஷினும் போடலாம், துணி வெட்ற மேசையும் போடலாங்க" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

லோன் கேட்க இருவருமாகக் கள்ளக்குறிச்சி பேங்குக்குப் போனோம். மேனேஜர் மூன்று வருடக் கணக்கைப் புரட்டினார். "கரும்பு போட்டிருக்கீங்களே, மில்லு ரசீது இருக்குதா?"

"எடுத்து வெக்கலீங்க."

"பதிவு இருக்குமே. பேரு சொன்னா மில்லுல சொல்லிடுவாங்க."

என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கரும்பு என்று இருந்த இடத்தைப் பேனாவால் அடித்தார். மிச்சம் இருந்தது, வரிக்குப் பயந்து நான் குறைத்துக் காட்டிய கடை வருமானம் மட்டும். அதை வைத்துப் பாதி லோன்கூடத் தேறாது என்றார். பிறகு, பாவம், உதவி செய்யத்தான் கேட்டார்:

"அம்மா ஏதாச்சும் தொழில் பண்றாங்களா? இருந்தா அதையும் சேத்துப் பாக்கலாம்."

தையல் என்று சொன்னால், அது ஏன் கணக்கில் இல்லை, அந்தக் கரும்பு என்ன என்று எல்லாம் நாறிவிடும்.

"இல்லீங்க. சும்மா வூட்லதான் இருக்குது" என்றேன்.

அவள் என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

திரும்பிவந்து தியாகதுருகத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதுதான் கேட்டாள். "நானு சும்மாவாங்க இருந்தேன்?"

"அந்தாளு முன்னாடி வேற இன்னா சொல்றது?" என்று எரிந்து விழுந்தேன். தப்பு என்மேல் இருந்தால் எனக்குக் கோபம் ஜாஸ்தி வரும்.

வீடு கைவிட்டுப் போனது. முன்பணமும் போனது. வேறொரு வாடகை வீட்டுக்கு மாறினோம்.

அடுத்த வருடம் என்னிடம் சொல்லாமலே அவள் தனியாகப் போய்த் தன் பேரில் கணக்குத் தாக்கல் செய்துவிட்டு வந்தாள். தொழில், தையல். வரம்புக்குள் இருந்த வருமானம், வரி ஒன்றும் வரவில்லை. ஆரம்பத்திலிருந்தே அவள் பேரில் காட்டியிருந்தால் ஒரு பைசா வரிகூட வந்திருக்காது. இத்தனை வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் அசிங்கம்.

மூன்று வருடம் அப்படியே தாக்கல் செய்தாள். ஒருநாள் நானே பேச்செடுத்தேன். "இப்ப உன் வருமானத்தையும் காட்டலாம். லோன் குடுப்பாங்க. ரெண்டு பேரும் போய்க் கேக்கலாமா?"

"உங்ககூட இன்னொரு தடவ அங்க வந்து உக்கார முடியாதுங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.