வாய்க்கால் றோட்டில் ஓடுகிற பிள்ளை

வட்டக்கச்சியில் என்னுடைய அரிசி ஆலை எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மூட்டை சுமந்து, ஒருத்தரிடமும் கை நீட்டாமல் அந்த ஆலையைப் போட்டேன். சண்டையில் அது தரைமட்டமானது, திரும்பவும் போட்டேன். அப்படிப்பட்ட என்னால் சொந்த மகளை இந்த ஊருக்குள் நிம்மதியாக ஓடவைக்க முடியவில்லை என்றால் எரிச்சல் வராதோ?

அவள் கடைக்குட்டி. வயது பதினைந்து, கொஞ்சம் உடம்பு வைத்த பிள்ளை. வகுப்பில் யாரோ உடம்பைப் பார்த்துப் பகிடி பண்ணியிருக்கிறார்கள். வீட்டில் ஒருத்தரிடமும் மூச்சுவிடாமல் சாப்பாட்டை நிற்பாட்டிவிட்டாள். காலையில் வெறும் தேத்தண்ணி. மத்தியானப் பார்சல் சிநேகிதிக்கு. ஒருநாள் பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனையில் நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தாள். அரிசி ஆலைக்காரன் மகள் பசியால் விழுந்தாள் என்றால் நான் முகத்தை எங்கே கொண்டுபோவது?

ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னா. வளருகிற வயதில் பட்டினி கிடந்தால் எலும்பும் சேர்ந்து கெடும். மூன்று நேரமும் சாப்பிட வேணும். சோறு அளவாக, கீரையும் மீனும் பருப்பும் தாராளமாக. சோடாவையும் ரோல்ஸையும் விட வேணும். மெல்ல ஓட வேணும், களைத்தால் நடக்க வேணும், அவசரப்படவே கூடாது. எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன். உள்ளுக்குள் ஒரே பயம்தான்: இவள் திரும்பச் சாப்பிடுவாளோ?

விடிய வெள்ளன வாய்க்கால் றோட்டில் அவள் ஓட, நான் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனேன். எங்கள் ஊரில் சும்மா ஓடுகிற ஆளை யார் கண்டது? வருகிற ட்ரக்டர் எல்லாம் நிற்கும். யாருக்கு என்ன நடந்தது, ஏறு பிள்ளை, கொண்டுபோய் விடுகிறேன் என்பார்கள். மேய்ச்சலுக்கு மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒரு கிழவர் என்னைத்தான் மறித்தார்.

"நீர் சொகுசாய் மோட்டச்சைக்கிளில இருந்துகொண்டு குமர்ப்பிள்ளையை ஓடவிடுறீரோ? பெற்றோலுக்குப் பஞ்சமோ?"

விளக்கம் சொல்லிச் சொல்லி என் வாய் நொந்தது.

வீட்டுக்கு வந்தால் என் மனிசி, பிள்ளையின் தாய். பட்டினி கிடந்த காலம் காணும், இனி வயிறு நிறையட்டும் என்று சோற்றை மலையாகக் குவிப்பா. பிள்ளை அதைப் பார்த்த உடனே சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிடும். கனடாவில் இருக்கிற என் தங்கச்சி ஒரு பெட்டி சொக்லேட்டும், கூடவே உடம்பு மெலிய ஒரு தேத்தண்ணித் தூளும் அனுப்பினா. டொக்டரைக் கேளாமல் அந்தத் தூளைத் தொடமாட்டோம் என்றேன். அன்றோடு அவவுக்கும் எனக்கும் கதை பேச்சு இல்லை.

போன கிழமை ஒரு ட்ரக்டர்காரர் வழமைபோல மறித்தார். நான் வாயைத் திறக்க முதல் மகள் மூச்சு வாங்கியபடி சொன்னாள்.

"மாமா, எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. ஓடினால்தான் எனக்கு வடிவாப் பசிக்குது. இனி மறியாதேங்கோ."

அவருக்கு விளங்கவில்லை. நான் அவளைப் பொலிசில் சேர்க்கப் பழக்குகிறேன் என்று பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் ஊருக்கே சொல்லியிருக்கிறார்.

அன்று காலை ஓடி வந்த கையோடு அவள் தானே போட்டுச் சாப்பிட்டாள். சிவப்பரிசிப் புட்டு, முட்டை, முருங்கையிலைச் சுண்டல். ஆறுதலாக இருந்து சாப்பிட்டாள். மனிசி அகப்பையில் இன்னொருதரம் அள்ளிக்கொண்டு வந்தா. காணுமம்மா என்று அவள் கையால் கோப்பையை மறைத்தாள். பிள்ளையை நான் வயிறு காயப்போடுகிறேனாம், மனிசி தொடங்கிவிட்டா.

"இஞ்சரும், கோப்பையைப் பாரும். ஒரு பருக்கை மிச்சமில்லை," என்றேன்.

அவ கோப்பையைப் பார்க்கவில்லை. அகப்பையைப் பிடித்தபடி என்னைத்தான் முறைத்துக்கொண்டு நின்றா.