செருப்பு நடந்த வீடியோ

அன்று பிரவுசிங் சென்டருக்கு வந்தவர்கள் அம்மா, அக்கா, நான். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா. பல்லாவரம் தோல் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்க்கப் போயிருந்தார். இன்னொருவன் ஷார்ஜாவில் இருந்த அண்ணன். அவனைப் பார்க்கத்தான் நாங்கள் போனோம்.

எங்கள் வீட்டில் படிப்பு ஏறியது எனக்கு மட்டும்தான். நான் காட்டாங்குளத்தூரில் படிக்க, அண்ணன் ஷார்ஜாவில் வேலை செய்தான். பாடத்துக்காகத் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு மேற்குத் தாம்பரத்துக் கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் வேடிக்கை வீடியோக்கள். எந்த ஊரிலோ யாரோ உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் சண்டை போட வைத்திருப்பார்கள். தீக்குச்சிகள் வரிசையாக நடந்துபோய்ப் பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும். பொருளைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு போட்டோ. வித்தை இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகும் வாயைப் பிளந்து பார்ப்பேன். எல்லாவற்றையும் அண்ணனுக்கு மெயிலில் எழுதுவேன். ரூமில் ஒருத்தனிடம் கேமரா இருக்கிறது, நாங்களும் ஒன்று செய்து போட்டிருக்கிறோம் என்று ஒருநாள் அவன் லிங்க் அனுப்பினான். எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று நான் அதைத் திறக்காமல் வைத்திருந்தேன்.

அம்மாவுக்குத் தெரிந்த வீடியோ கல்யாண வீடியோதான். அதில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் எல்லோர் முகத்தையும் ஒருவர் விடாமல் காட்டுவார்கள். அண்ணன் போய் இரண்டு வருஷம். வெறும் போன் குரல்தான். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, ஒரு சிஸ்டத்துக்கு ரெண்டு பேர்தான்" என்று ஆரம்பித்த கடைக்கார அண்ணா, அந்தப் புடவையைப் பார்த்துவிட்டு மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வீடியோவை நிறுத்திவைத்து, அடியில் சாம்பல் நிறக் கோடு முழுதாக நிரம்பும் வரை காத்திருப்பது அப்போதைய வழக்கம். கோடு ஊர்ந்தது.

"இன்னாடா, ஷார்ஜாலேர்ந்து நடந்தா வருது?" என்றாள் அக்கா.

ஒருவழியாக நிரம்பியது. ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு கட்டிலுக்கு அடியிலிருந்து தானாக வெளியே வந்தது. கொஞ்சம் தயங்கியது. அரிசி மூட்டைமேல் ஏறப் பார்த்துச் சறுக்கி விழுந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் அது கதவுக்கு முன்னால் போய், வெளியே பார்த்தபடி நின்றது. அவ்வளவுதான்.

அம்மா சிரிக்கவில்லை. "எங்கடா அவன்?"

"அவன்தாம்மா இத எடுத்தது."

"எடுத்தான், சரி. அவன் எங்க?"

"செருப்பு அவனுதும்மா. கெளம்பறப்போ வெள்ளிக்கெழம சந்தையில வாங்கினோமே" என்றாள் அக்கா.

"செருப்பப் பாக்கவா பொடவ மாத்திகினு வந்தேன்?"

மறுபடி ஓடவிட்டேன். பிறகு இன்னொரு தடவை. அம்மா சட்டென்று என் தோளைப் பிடித்தாள். "தோ! தோ கீறான்!"

அரிசி மூட்டையில் ஏறும் இடத்தில், போட்டோ எடுப்பதற்குள் விலக்கத் தவறிய ஒரு கை. கண்ணிமைக்கும் நேரம்தான். அங்கே நிறுத்தச் சொன்னாள். நான் மவுஸை அழுத்துவதற்குள் கை போய்விடும்.

"போச்சு. இதுக்குத்தான் படிக்க வெச்சனா உன்ன?"

எத்தனையோ தடவை தவறவிட்ட பிறகு கை நின்றது. அம்மா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

"எளச்சிட்டான்."

"கைய வெச்சு எப்டிம்மா சொல்ற?"

"வாட்ச் தொங்குது பாரு."

அது உண்மைதான். போகும்போது மணிக்கட்டில் இறுக்கமாக இருந்த வாட்ச் அது. செருப்பு ஏன் கதவோரம் போய் நின்றது என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அக்காவும் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

நான் மவுஸை எடுத்தேன். அம்மா தடுத்தாள். "ஓட வுடாதடா. ஓடினா போய்டுவான்." கொஞ்ச நேரம் கழித்து, "உங்கப்பா பாக்கலியே" என்றாள்.

"கலர் பிரிண்ட் எடுத்துத் தரட்டுமாம்மா?" என்றார் கடைக்கார அண்ணா.

மங்கலாக வந்தது: ஒரு செருப்பு, ஒரு அரிசி மூட்டை, ஒரு கை. மடித்தால் கோடு விழும் என்று அம்மா அதைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். ஒன்றரை மணி நேரத்துக்கு முப்பது, பிரிண்டுக்குப் பதினைந்து. மொத்தம் நாற்பத்தைந்து ரூபாய்.