சைலன்சர் காளிதாஸ்

"ஏறுங்க சார், நீங்களும் ஏறுங்க. சும்னே நின்னு என்ன பாக்குறீங்க?" என்று காளிதாஸ் என்னையும் அதட்டுகிறார். ஸ்கூட்டர் சைலன்சரில் விழுந்த ஓட்டையை அடைக்க வந்தவன் நான். என்னையும், பக்கத்து டீக்கடைக்காரரையும், வழியோடு போன இரண்டு பேரையும் பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் ஏற்றிவிட்டு, அவர் வண்டிக்கு அடியிலிருக்கும் குழிக்குள் இறங்குகிறார். ஆள் பாரத்தில் வண்டி எவ்வளவு அமுங்குகிறது, பின்அச்சுக்கு மேலே குழாய் போக எவ்வளவு சந்து மிஞ்சுகிறது என்று பார்க்காமல், உயரம் குறைத்த வண்டிக்கு அவர் சைலன்சர் மாட்டுவதில்லை.

பட்டறை நஞ்சன்கூடு ரோட்டில். ஆளுக்குச் சொந்த ஊர் ஹனூர் பக்கம். அந்தப் பக்கத்துத் தமிழில் கன்னடம் கலந்து வரும். குழிக்குள் இறங்கும்போது சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்வார். வீட்டுக்குக் கிளம்பும்போது நேராக மாற்றிக்கொள்வார். வெளியே பளிச்சென்று இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். கேட்டால், "ரோட்டுல போறவன் என் முதுகையா தடவிப் பாக்கப் போறான்?" என்பார்.

மூக்குக்கு மேல் கோபம் வரும் மனிதர். "கம்பெனிக்காரன் கூறுகெட்டவனா? ஸ்பிரிங் பட்டையெல்லாம் உருவிட்டு வண்டியக் குள்ளமாக்குவானுங்க. அப்புறம் ஹம்ப்புல இடிச்சா கவர்மெண்டத் திட்டுவானுங்க." எனக்கும் இதில் அவர் கட்சிதான். சோறு போடும் வண்டியைத் தரையில் தேய விட்டு அழகு பார்ப்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

எதிர்வரிசையில் சேகரன் பட்டறை. இருவரும் ஒரே கொட்டகையில் வேலை பார்த்தவர்கள். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் சேகரன் தலையாட்டிவிடுவார் என்பதால் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை.

நாங்கள் ஏறி நின்ற பிக்கப் அருண்ராஜ் என்ற இளைஞனுடையது. குழியிலிருந்து தலையை நீட்டிய காளிதாஸ், "குழாய மூணு எடத்துல வளைச்சு அச்சுக்கு மேல ஏத்தணும். தனியாளா செஞ்சா நாளைக்கு சாயங்காலம் ஆவும்" என்றார்.

"பேடாண்ணா, அதெல்லாம் வேணாம். கேபினுக்கு அடியிலயே வெட்டி நிறுத்திடுங்க. சவுண்டும் கெத்தா வரும். காலையில ஹனூருக்குப் போவணும்."

"யாரு யாரு போறீங்க?"

"நானும் எங்க வீட்டுக்காரி ஸ்ரீதேவியும். அவளுக்குத்தான் வளைகாப்பு."

காளிதாஸ் குழியிலிருந்து ஏறி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"மாசமா இருக்கற புள்ள. கேபினுக்கடியில வெட்டுனா பொகையெல்லாம் உள்ளதான் ஏறும். வாழைத்தாரப் பழுக்க வெக்கிற மாதிரி பொகை போட்டா கூட்டிட்டுப் போவ?"

"கண்ணாடிய எறக்கி வெச்சுக்கறோம்ணா."

ஸ்பேனர் பறந்து போய்ச் சுவரில் விழுந்தது. "எடுறா வண்டிய! என் கையால அந்த வேலை நடக்காது!"

நாங்கள் தொட்டியிலிருந்து குதித்தோம். அருண்ராஜ் வண்டியை எடுத்தான். நேரே எதிர்ப்பட்டறைக் குழிமேல் கொண்டுபோய் நிறுத்தினான். இவ்வளவு சொன்ன பிறகும் ஒருவன் இப்படிச் செய்வானா? செய்வான். மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், சரி என்று சொல்ல இன்னொருவர் இருக்கிற ரோடு அது.

காளிதாஸ் என் சைலன்சரை எடுத்துப் பற்றவைக்க உட்கார்ந்தார். கண் எதிர்ப்பட்டறையிலேயே இருந்தது. சின்ன ஓட்டை பெரிய ஓட்டையானது. "தூ!" என்று அதைத் தள்ளிவிட்டார். எதிர்ப்பக்கம் இரும்பு அறுக்கும் மெஷின் கிறீச்சிட ஆரம்பித்தது.

சட்டென எழுந்தார். ஒரு நீளக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, ஹாரன் அடித்த பஸ்காரனையும் திட்டியபடி ரோட்டைக் கடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். அருண்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ பேசாத!" என்று அவனை ஒதுக்கிவிட்டு, சேகரனின் குழிக்குள் இறங்கினார். மெஷின் நின்றது.

குனிந்து பார்த்தேன். இருவரும் தோளோடு தோள் இடிக்க நின்றிருந்தார்கள். காளிதாஸ் அண்ணாந்து அச்சைப் பார்த்தபடியே பேசினார். "ரெண்டு பேரு புடிச்சா பொழுது சாயறதுக்குள்ள முடியும்."

சேகரன் அறுக்கும் மெஷினைக் கீழே வைத்தார். காளிதாஸ் அவர் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் நீட்டினார்.

"பதினாலாம் நம்பர் குடு."

சேகரன் ஸ்பேனரை எடுத்து, தன் சட்டையில் துடைத்து, அந்தக் கையில் வைத்தார்.