கால் எட்டாத சீட்

என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். நாற்பத்தாறு வயதில் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்க முடிவு செய்தபோது, சுவரோடு ஒட்டி நின்று, தொடைகளுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை வைத்துக் காலின் உள்நீளத்தை அளந்துகொண்டேன். ஷோரூம்களில் சீட்டின் உயரத்தை மட்டும்தான் சொன்னார்கள். சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாமல் போகும் என்பது ஏறி உட்கார்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். சீசனில் குற்றாலம் ரோட்டில் வண்டிகள் நின்று நின்று நகரும்போது, யார் தயவும் இல்லாமல் காலை ஊன்றி நிற்க வேண்டும்.

கூட வந்தவன் பள்ளிக்கூட நாளிலிருந்தே நண்பன். ஆறடி. பைக் ஆசை அவனுக்கும் உண்டு, வீட்டில் சம்மதிக்கவில்லை. தென்காசியில் பழைய வண்டி விற்கும் கடையில் அவன்தான் அந்தக் கருநீல வண்டியைக் காட்டினான். முன்பு வைத்திருந்தவரும் என்னைப் போலக் குள்ளம். சீட்டின் ஸ்பாஞ்சைச் செதுக்கி, இரண்டு ஓரத்தையும் ஒடுக்கித் தைத்திருந்தார். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு முன்பாதங்களும் தரையில் பதிந்தன. அச்சன்புதூர் வரை ஓட்டிப் பார்த்தேன்.

"உனக்குன்னே தச்ச மாதிரி இருக்குலே," என்றான்.

வண்டியை எடுக்க வேண்டிய அன்று எனக்கு அலுவலகத்தில் ஆடிட். அவனே எடுத்துவந்து வீட்டில் விட்டான். சீட் புதிதாக இருந்தது. ஏறினால் கட்டைவிரல் நுனிதான் எட்டியது.

"பழசு கிழிஞ்சிருந்ததுலே. கடைக்காரன் கம்பெனி சீட்டு மாட்டிருக்கான். உக்கார உக்கார அமுங்கிரும்."

கிழிசல் எதுவும் என் கண்ணில் பட்டதாக நினைவில்லை. இருந்தும் நம்பினேன். எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் நான், அவன் சொன்னதை மட்டும் சரிபார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியை வாங்கிக்கொண்டு சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஒரு சுற்றுப் போய்வருவான். அதுவும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாரல் தொடங்கியதும் ஐந்தருவிக்குக் கிளம்பினோம். அவன் ஸ்கூட்டரில் பின்னால் வந்தான். மேட்டில் முன்னே போன வேன் நின்றது. நானும் நிறுத்தி இடது காலை இறக்கினேன். ரோட்டின் ஓரம் சரிந்திருந்தது. கால் தரையைத் தொடுவதற்குள் வண்டி சாய்ந்து, நானும் கூடவே விழுந்தேன்.

"அண்ணாச்சி, அடுத்த தடவ ஒரு முக்காலியும் கட்டி எடுத்துட்டு வாங்க," என்றார் சிப்ஸ் கடைக்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வண்டியைத் தூக்கி நிறுத்திய நண்பனும் சிரித்தான்.

"அந்தப் பழைய சீட்டு இருந்திருந்தா விழுந்திருக்க மாட்டேன்," என்றேன்.

"அதுல உக்காந்தா எனக்கு முட்டி மடங்கி வலிக்குதுலே. அதான் மாத்திப் போடுன்னு நான் கடையில சொன்னேன். நீ வாரத்துல எத்தன நாளு ஓட்டப் போற?"

டீயில் சர்க்கரை குறைக்கச் சொன்னதைப் போலச் சொன்னான்.

"அந்த சீட்டு எங்க?"

"அத அப்பமே தூரப் போட்டாச்சி. சரி நகரு, நான் ஓட்டுதேன். நீ ஸ்கூட்டர்ல வா. அதுல உனக்குக் கால் எட்டும்லா."

ஏறி உட்கார்ந்தான். இரண்டு பாதங்களும் முழுசாகத் தரையில் இருந்தன. நான் கையை நீட்டிச் சாவியை உருவினேன்.

"எறங்கு."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தான் போலும். பக்கக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தான்.