பாக்கியம் ஏறிய கல் ட்ரொலி

ஓடத் தெரியுமா?

கல் குவாரியில் என்னை வேலைக்கு எடுத்த அன்று பண்டா பாஸ் கேட்ட முதல் கேள்வி, "ஓடத் தெரியுமா?" என்பதுதான்.

"எவ்வளவு தூரம் ஓடணும் பாஸ்?"

"வெடி வச்சுட்டு ஓடுறவன் தூரம் பாக்கிறதில்ல மல்லி. ஓடு, நான் பாக்கிறேன்."

லொறி நிற்கும் இடம்வரை ஓடிக் காட்டினேன். "ஹரி. நாளைக்கு வா" என்றார். எங்கள் குவாரியில் வெடி வைக்கும் பொறுப்பு அவருடையது. சிங்களவர். எங்கள் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார், தம்பிக்கு மல்லி, சரிக்கு ஹரி, ஐயாவுக்கு மாத்தயா என்று இடையிடையே சிங்களம் விழும், கோபம் வந்தால் முழுக்கச் சிங்களத்துக்குப் போய்விடுவார்.

அதற்கு முன் நான் பார்க்காத வேலை குறைவு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றேன். பெல்மதுளைப் பக்கம் மாணிக்கக் கிடங்குகளில் தண்ணீர் இறைத்தேன். எம்பிலிப்பிட்டிய பஸாரில் ஒரு கடையில் வெங்காய மூட்டை இறக்கினேன். பஞ்ச காலத்தில் மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டு ஊர் ஊராக நடந்தேன். எங்கேயும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டி நான் இருந்ததில்லை. யாரும் விரட்டியதில்லை, கால்தான் நிற்கவில்லை.

இந்தக் குவாரி புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, ஒரு இறப்பர் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு சில வருடங்கள் ஆகியிருந்தன. கொழும்பிலிருந்து விமான நிலையத்துக்கு ரயில் விடப்போகிறார்கள் என்றும், பாதைக்குக் கல் கொடுக்கும் கொந்தராத்து எங்கள் முதலாளிக்குக் கிடைத்திருக்கிறது என்றும் சொன்னார்கள். பாதை சதுப்பு நிலத்தின் மேல் போகிறதாம். கொட்டிய மண்ணெல்லாம் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்ததால், லொறி லொறியாகக் கல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஜாக் ஹேமர் பிடித்துப் பாறையில் துளை போடுபவன் முனியாண்டி. எனக்குக் கூட்டாளி. அவன் ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் கேட்டான்: "ஏன் பாஸ், ப்ளேன்ல போற அளவுக்குக் காசு வச்சிருக்கிறவனுக்கு எதுக்கு ரயிலு?"

"ப்ளேன் அவன் வூட்டு வாசலுக்கு வராதே."

"நம்ம வாசலுக்கு ரயிலே வரலியே."

"அதுக்குத்தான் ஒன் வாசல்ல ட்ரொலி வுட்டிருக்கு" என்றார் பண்டா பாஸ். எல்லாரும் சிரித்தோம்.

காலி ட்ரொலி

அவர் சொன்னது உண்மை. பாறையின் அடியிலிருந்து சிறு தண்டவாளம் ஒன்று புறப்பட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசைவீடுகளில் கடைசி லயத்தின் வாசலை ஒட்டிப் போய், மலையின் தோளைச் சுற்றி வளைந்து, ரோட்டோரத்தில் லொறிக்குக் கல் கொட்டும் மேடையில் முடியும். முழுவதும் இறக்கம். கல் ஏற்றிய ட்ரொலி தானாகவே உருளும். ஒருவன் பின்னால் ஏறி நின்று பிரேக் கட்டையைச் சக்கரத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலைதான் எனக்கு. திரும்பும்போது காலி ட்ரொலியை இரண்டு பேர் தள்ளி ஏற்றுவோம்.

முதல் வாரத்தில் ஒருநாள், ரிப்பேருக்காக ஒரு காலி ட்ரொலியைக் கீழே கொண்டுபோனேன். பாரமில்லாததால் சுலபம் என்று நினைத்தேன். வளைவில் அது ஆட்டுக்குட்டிபோலக் குதித்துத் தண்டவாளத்தை விட்டு வெளியே போனது. நான் பக்கத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தேன், முழங்கை தோல் உரிந்தது. பாரம் இருந்தால்தான் சக்கரம் தண்டவாளத்தில் உட்காரும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

பிரேக் கட்டையை இறப்பர் மரத்தில் செய்வோம். சீக்கிரம் தேயும், மழை பட்டால் வழுக்கும். அதற்காக ஒரு சாக்கில் கல்தூள் கட்டித் தொங்கவிட்டிருப்பேன். வழுக்கினால் தண்டவாளத்தில் ஒரு கைப்பிடி தூவினால் போதும்.

மூடியோடு சட்டி

வெடி வைக்கும் நாளில் கடைசி லயத்திலிருந்து எல்லோரும் வெளியேறி, மேட்டுக்கு அப்பால் இருக்கும் பிள்ளைக்காம்பராவுக்குப் போக வேண்டும். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் கட்டிடம் அது. பெண்கள் அடுப்பிலிருக்கும் சட்டியைக்கூட மூடியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். கூரையில் கல் விழுந்தால் ஓட்டை அடைக்கத் தகரம் தருவதாகக் கொந்தராத்துக்காரர்கள் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

முனியாண்டியின் மனைவி பாக்கியம் அந்த லயத்தில்தான் இருந்தாள். இறப்பர் பால் வெட்டுகிறவள், நிறைமாதம். வெடி நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சொல்வாள்: "அண்ணே, ஒங்க எயார்போட்டு முடியிறதுக்குள்ள நான் எத்தன தரம் மலையேறணும்?"

"இந்த மாசத்தோட சரி தங்கச்சி."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

நான் சொன்னதில் எனக்கே நம்பிக்கை இல்லை. உண்மையில், அந்தச் சனிக்கிழமையோடு குவாரியை விட்டுக் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். எங்கே என்று தெரியாது.

மழைக்கு முன்னால்

நான் சொல்ல வந்தது வெள்ளிக்கிழமை நடந்ததை. பாறையில் அதுவரை போடாத பெரிய வெடி. துளைகள் எல்லாவற்றிலும் வெடிமருந்து நிரப்பி, அதைக் கிளப்பும் கரண்ட் கேப் சொருகி, வயர் இழுத்தாயிற்று. கொழும்பிலிருந்து எஞ்சினியர் ஐயா வந்திருந்தார். இளவயதுக்காரர், கொழும்புத் தமிழர். கல் பிந்துகிறது என்று மேலிடத்தில் ஏச்சு வாங்கிவிட்டு வந்திருந்தார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மலை உச்சி கறுத்தது. தூரத்தில் ஒரு முழக்கம்.

பண்டா பாஸ் வானத்தைப் பார்த்து எச்சிலைத் துப்பினார். "மாத்தயா, இது கரண்ட் கேப். பக்கத்துல மின்னல் விழுந்தா நாம பட்டன் அமுக்கத் தேவையில்ல, தானாவே வெடிக்கும். இப்பவே ஆளுங்கள வெளியேத்திட்டு நாமளே வெடிச்சிரணும்."

தகரத்தை அடித்து ஆட்களைக் கிளப்பினோம். பஸ்ஸை நிறுத்த முனியாண்டி சிவப்புக் கொடியோடு கீழே ரோட்டுக்குப் போய்விட்டான். பாதி நிரம்பிய ட்ரொலி ஒன்று லயத்து வாசலில் ஆப்பு வைத்து நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு, லயத்து அறைகளான காம்பராக்களில் யாரும் மிச்சமிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு போனேன். கடைசிக் காம்பராவில் பாக்கியம் தரையில் கிடந்தாள். பக்கத்தில் தோட்டத்து மிட்வைஃப் மிஸ், முழங்காலில் உட்கார்ந்திருந்தார்.

"மிஸ், வெடி வைக்கப் போறாங்க!"

"புள்ளைக்கு அது தெரியுமா? வலி வந்துருச்சு. மேட்டுல ஏத்தினீங்கன்னா வழியிலயே பொறந்துரும், படியெல்லாம் பாசி. தூக்கிட்டுப் போறவன் வழுக்குனா ரெண்டு உசுரு."

ஓடிப்போய்ச் சொன்னேன். எஞ்சினியரும் பாஸும் லயத்துக்கு வந்தார்கள்.

"வயரைக் கழற்றிவிட்டால்?" என்றார் எஞ்சினியர்.

"கழட்டி முறுக்கித்தான் வச்சிருக்கேன். மின்னலுக்கு அது கணக்கில்ல மாத்தயா. மருந்தை இனி வெளிய எடுக்க ஏலாது."

"வெடிக்காமலே விட்டால்?"

"ராத்திரி பூரா இந்தச் சனம் எங்க படுக்கும்?"

மறுபடி முழங்கியது, இந்தத் தடவை கிட்டத்தில். எஞ்சினியரின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

வாசலில் நின்ற ட்ரொலி என் கண்ணில் பட்டது. வளைவைத் தாண்டிவிட்டால் மலையே மறைப்பு. மேடைக்குப் பக்கத்தில் கூரை போட்ட ஒரு ஷெட்டும் உண்டு.

"ட்ரொலியில கொண்டுபோகலாம்" என்றேன்.

கம்பிளியில் வைத்துப் பாக்கியத்தைத் தூக்கி வந்தோம். எஞ்சினியர் ஒரு காலை ட்ரொலியில் வைத்துக் கல்லை அள்ளி வெளியே போட ஆரம்பித்தார்.

"ஐயா, கல் இருக்கட்டும்!"

"கல்லுக்கு மேலயா ஒரு கர்ப்பிணியைப் படுக்க வைக்கிறது?"

"காலியா போனா வளைவுல குதிக்கும் ஐயா. நான் விழுந்திருக்கேன்."

அவர் என் முழங்கைத் தழும்பைப் பார்த்தாரோ என்னவோ, கையிலிருந்த கல்லைத் திரும்ப உள்ளே போட்டார். தன் மழைக்கோட்டைக் கழற்றி விரித்தார். அதன் மேல் சாக்கு, அதன் மேல் கம்பிளி. பாக்கியத்தைக் கிடத்தினோம். மிஸ் அவள் தலைமாட்டில் ஏறிக்கொண்டார்.

ஆப்பை உருவினேன். பின்பக்கக் கொளுவியில் கயிறு கட்டி, எஞ்சினியர் அதை இழுத்துப் பிடித்தபடி பின்னால் வந்தார். பண்டா பாஸ் வெடிக்கிற பட்டன் உள்ள வயர்ப் பெட்டியிடம் போய் நின்றுகொண்டார். "வளைவ தாண்டினதும் விசில் அடி. விசில் கேக்காம கை வைக்க மாட்டேன்" என்றார்.

மழை இறங்கிவிட்டது. கட்டை நனைந்ததும் பிடிமானம் போனது. ட்ரொலி கொஞ்சம் கொஞ்சமாக வேகம் எடுத்தது.

"அண்ணே! கல்லு ஏத்துனாலும் இப்பிடித்தான் ஓட்டுவீங்களா?" என்று பாக்கியம் கத்தினாள்.

"கல்லு கத்தாது தங்கச்சி, பேசாம இரு!"

"நீங்க புள்ள பெத்துப் பாருங்க, பேசாம இருப்பீங்களான்னு!"

ஒரு கையால் கட்டையை அழுத்திக்கொண்டு, மறுகையைச் சாக்குக்குள் விட்டுக் கல்தூளை அள்ளிச் சக்கரத்துக்கு முன்னால் வீசினேன். முதல் பிடி மழையில் கரைந்தது. இரண்டாவது பிடியில் சக்கரம் கிரீச்சிட்டது. வளைவு வந்தது. பின்னால் எஞ்சினியர் கால் வழுக்கிக் கானுக்குள் போனார், வளைவு முடியும்வரை கயிற்றை மட்டும் விடவில்லை. ட்ரொலி ஒரு பக்கம் சாய்ந்தது. கல் அதைத் திரும்பவும் கீழே உட்கார வைத்ததை என் பாதத்தில் உணர்ந்தேன். வளைவு முடிந்தது.

விசிலடிக்க முடியாதபடி வாய் உலர்ந்திருந்தது. மழைத்தண்ணியை நக்கிக்கொண்டு இரண்டாம் தடவைதான் சத்தம் வந்தது.

மேடைக்குக் கீழே முனியாண்டி கொடியோடு நின்றான். "எவன்டா அவன், வெடி வைக்கிற நேரத்துல ட்ரொலி வுடுறவன்?"

"ஒன் பொண்டாட்டிதான்டா வர்றா! கொடிய போட்டுட்டுப் புடி!"

அவன் கொடியைப் போடவில்லை, கொடியோடு ஓடிவந்து ட்ரொலியைத் தோளால் தடுத்தான். ஷெட்டுக்குள் அவளை இறக்கிய நேரம் மலைக்கு அப்பால் வெடித்தது. தரை உதறியது. அடுத்து இடி, அதற்குப் பின்னால் இன்னொன்று. எது பாறை, எது வானம் என்று எங்களால் பிரிக்க முடியவில்லை.

சேறு முழுக்க அப்பிக்கொண்டு எஞ்சினியர் வந்து சேர்ந்தார். ஆண்கள் எல்லோரும் மழையில் முதுகைக் காட்டி நின்றோம். பிறகு உள்ளேயிருந்து ஒரு அழுகை, கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகிற மாதிரி, விட்டு விட்டுப் பிடித்தது.

"பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார் மிஸ்.

முனியாண்டி கையிலிருந்த சிவப்புக் கொடியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எஞ்சினியர் ஷெட்டுத் தகரத்தில் சாய்ந்து உட்கார்ந்து காரணமில்லாமல் சிரித்தார். என் தீப்பெட்டி நனைந்திருந்ததால் பீடியைப் பற்றவைக்க முடியவில்லை. ஓடிவந்து சேர்ந்த பண்டா பாஸ்தான் பற்றவைத்துக் கொடுத்தார்.

"எயார்போட் நோனா வந்தாச்சா?" என்றார். சிங்களத்தில் நோனா என்றால் சீமாட்டி, அந்தப் பெயர் பிள்ளைக்கு நின்றுவிட்டது. கோயிலில் வைத்த பெயரை இன்றுவரை தாயும் தகப்பனும் மட்டுமே சொல்கிறார்கள்.

கடைசி லயத்துக் கூரையில் ஒரு பெரிய கல் இறங்கியிருந்தது, பாக்கியம் படுத்திருந்த காம்பராவில். பாஸ் அதைப் பார்த்துவிட்டு வந்து, அவளிடம் சொல்லாதே என்று என்னிடம் சொன்னார். இரண்டு நாள் கழித்து அவளே பார்த்துவிட்டு, "தகரம் தருவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை காலையில் எழுந்து புதுப் பிரேக் கட்டை செதுக்கினேன். கிளம்புவது ஞாபகத்துக்கு வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கொந்தராத்து முடியும்வரை இருந்தேன். அந்த வருடத்து மழைக்காலமும் அடுத்ததும் எனக்கு அங்கேதான் கழிந்தன.

ரயில் பாதை திறந்து, பிள்ளை ஓடியாடத் தொடங்கிய பிறகு, முனியாண்டி குடும்பத்தோடு நானும் கொழும்புக்குப் போய் அந்த ரயிலில் ஏறினேன். விமானம் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் சதுப்பு, நடுவே எங்கள் கல்லின் மேல் தண்டவாளம்.

இன்று என்னிடம் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் அதிகம் சொல்வதில்லை. அவசரத்தில் பாரத்தைத் தூக்கி எறியாதே, எது வண்டியைத் தண்டவாளத்தில் பிடித்து வைத்திருக்கிறது என்று முதலில் பார். இதை மட்டும் சொல்வேன்.

அன்று ஓரிடத்தில் ரயில் வளைந்தது. பாக்கியம் சட்டென்று இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் காலை ஊன்றி, கையால் எதையோ தேடினேன்.

"என்ன அண்ணே தேடுறீங்க?"

"பிரேக் கட்ட."

அவள் சிரித்தாள். எயார்போட் நோனா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தேடிய கையை எடுத்து அவள் முதுகில் வைத்துக்கொண்டு, மிச்சத் தூரத்தைச் சாய்ந்து உட்கார்ந்தே போனேன்.