வெள்ளிக்கிழமைச் சந்தையும் ஒரு வேண்டாத கேள்வியும்

சென்ற வாரம் என் நண்பர் நாகராசனுக்குத் தலை சுற்றியது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய வானொலிப் பெட்டி ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது. அவருக்குச் சுற்றல் சற்று நேரத்தில் நின்றுவிட்டது. அவர் மகன் பிரபுவுக்குத்தான் இன்னும் நிற்கவில்லை!

தலை, கழுத்து, நெஞ்சு... படம் எடுக்கத்தக்க உறுப்புகள் அனைத்தையும் எடுத்தாயிற்று. ஒன்றிலும் குறையில்லை. அதுதான் பிரபுவின் பெருங்குறை.

“எல்லாம் நார்மலாம் சார். எனக்கென்னவோ சரியாப் படலை. இனிமே அப்பாவுக்கு சந்தையெல்லாம் கட்!”

நலமாக இருப்பதைக் காட்டிலும் ஐயத்துக்குரிய நிலை நம் புறநகரில் வேறு ஏது?

சிட்லபாக்கம் ஏரிக்கு அருகே புதிதாக வந்திருக்கும் பெண் மருத்துவரிடம் காட்டுவது என முடிவாயிற்று. நாகராசன் என்னையும் துணைக்கு அழைத்தார். “நாலு வார்த்தை சொல்லுங்க சார். சந்தையும் இல்லைன்னா நான் காலைல எதுக்கு எந்திரிக்கணும்?”

மருத்துவர் அவரை உட்காரவைத்தும் நிற்கவைத்தும் குருதியழுத்தம் பார்த்தார். படங்களையும் பொறுமையாகப் புரட்டினார்.

“அன்னிக்குக் காலைல சாப்ட்டீங்களா?”

“இல்லம்மா... லேட்டாப் போனா நல்ல சாமானெல்லாம் போயிடும்.”

அடுத்து, மருத்துவ உலகில் எவரும் கேட்கத் துணியாத கேள்வியொன்றைக் கேட்டார்: “சரி, இத்தனை வருஷமா உங்களை இவ்ளோ நல்லா வெச்சிருக்கறது எது?”

பிரபு திடுக்கிட்டான். “டாக்டர், வியாதி என்னன்னு நீங்க சொல்லவே இல்லையே!”

“அதைத் தேடிப் பாத்தாச்சு சார். மிச்சம் இருக்கறதையும் பாக்கணும் இல்ல?”

நோயின் வேரைத் தேடுவது போலவே நலத்தின் ஊற்றையும் தேடுவதாம் இவர் முறை. என்ன துணிச்சல்! எல்லாரும் இப்படித் தொடங்கிவிட்டால் ஆய்வுக்கூடங்களின் கதி என்னாவது?

நாகராசன் மடை திறந்தார். மின்தொடர்வண்டிப் பயணம், ஊமையாகிப்போன வானொலிகளை மாலையில் பேசவைப்பது, செடி விற்கும் காதர் பாயுடன் தேநீர். அன்று நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, வண்டி ஏற்றிவிட்டவரும் அந்த பாய்தான். முப்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழும் பிரபு, இவற்றை ஏதோ அயல்நாட்டுச் செய்தி போலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மருத்துவர் சொன்னார்: “சாப்ட்டுட்டுப் போங்க. தண்ணி எடுத்துக்குங்க. வெயில் ஏறறதுக்குள்ள வந்துடுங்க. பாய் நம்பரை உங்க பையன் கிட்டக் குடுங்க. மறுபடி சுத்திச்சுன்னா உடனே வாங்க. ஆனா சந்தையை மட்டும் விட்டுடாதீங்க.”

“ஒரு ஊசிகூடவா இல்ல?” பிரபுவின் குரலில் ஏமாற்றப்பட்டவனின் வலி. வந்ததற்குத் தன் குருதியழுத்தத்தையாவது பார்க்கச் சொன்னான். அது தந்தையினுடையதை எளிதாக விஞ்சியது.

மருத்துவர் அவனையும் கேட்டார்: “சார், வாரத்துல நீங்க ஆசையா எதிர்பாக்கற நாள் எது?”

பிரபு மேற்கூரையைப் பார்த்தான். தன் கைப்பேசியைப் பார்த்தான். பிறகு சொன்னான்: “எதுக்கும் எனக்கு ஒரு ஸ்கேன் எழுதிக் குடுங்களேன்.”

நாகராசன் மகனின் தோளில் கை வைத்தார். “வெள்ளிக்கிழமை லீவு போடுடா. மறக்காம சாப்ட்டுட்டுக் கிளம்பு.”